கருவில் பட்ட ரசாயனம், வளர்ந்தபின் வரும் கொழுப்பு: சுண்டெலி ஆய்வுத் திட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

வேதிக்கரு:

கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாய்க்குக் கொடுத்த ரசாயனம், குட்டிகள் வளர்ந்தபின் அவற்றின் சர்க்கரையையும் கொழுப்பையும் எப்படி மாற்றுகிறது என்று பார்க்கும் ஆய்வுக்கு வரைவு எழுதியிருக்கிறேன். சுருக்கமாக:

சி57 பிளாக்/6ஜே வகைச் சுண்டெலி. குழுவுக்கு 6 தாய், இரண்டு குழு. பிஸ்பீனால்-ஏ (பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ரசாயனம்) கிலோவுக்கு 50 மில்லிகிராம், சோள எண்ணெயில் கலந்து வாய்க்குழாய் வழியாக, இணைந்த நாள் முதல் குட்டி பிறந்து 21ஆம் நாள் வரை. பாலிகார்பனேட் கூண்டு, சோளத்தண்டுப் படுகை, வழக்கமான தீவனம். 12 வாரத்தில் எல்லாக் குட்டிகளுக்கும் குளுக்கோஸ் டாலரன்ஸ் டெஸ்ட் (குளுக்கோஸ் கொடுத்து, ரத்தத்தில் அது எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது). 16 மணி நேரப் பட்டினி, கிலோவுக்கு 2 கிராம் குளுக்கோஸ். ஈத்துக்கு 8 குட்டி என்றால் குழுவுக்கு 48 கிடைக்கும்.

கேள்விகள்: பிஸ்பீனால்-ஏ சரியான தேர்வா, அல்லது டிரைபியூட்டைல்டின், டிடிடி போன்றவற்றுக்குப் போகலாமா? 48 போதுமா? 12 வாரத்தில் வித்தியாசம் தெரிந்தால் "நிலைத்த விளைவு" என்று எழுதலாமா? முன்னுரையில் மனித ஆதாரமாக எதைச் சொல்லலாம்?

ஈத்துக்கணக்கு:

48 என்பது உங்கள் எண்ணிக்கை அல்ல. 6தான்.

மருந்து குடித்தது தாய். ஒரே கருப்பையில் கிடந்து, ஒரே பாலைக் குடித்த 8 குட்டிகள் எட்டுத் தனிச் சாட்சிகள் ஆகமாட்டா. கணக்காகப் பார்த்தால்: ஒரு ஈத்துக்குள் குட்டிகளின் ஒற்றுமை 0.5 என்று வையுங்கள். 6 ஈத்து, ஈத்துக்கு 4 ஆண், மொத்தம் 24. இதை 1 + (4−1)×0.5 = 2.5 ஆல் வகுத்தால் 9.6 தனிக் குட்டிக்குச் சமம். இருபத்து நான்கு என்று எண்ணி டி-டெஸ்ட் போட்டால் இல்லாத விளைவும் "கண்டுபிடிக்க"ப்படும். இந்தத் துறையில் பழைய கட்டுரைகள் பல இங்கேதான் சறுக்கியிருக்கின்றன.

குழுவுக்கு 12 தாயோடு தொடங்குங்கள். சில சினைப்படாது, சில குட்டிகளைத் தின்றுவிடும். கடைசியில் 8 முதல் 10 நல்ல ஈத்து மிஞ்சும். ஒவ்வொரு சோதனைக்கும் ஈத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண் போதும். மற்ற உடன்பிறப்புகளை வேறு சோதனைக்கு வையுங்கள். ஒன்றுக்கு மேல் எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஈத்தை ரேண்டம் எஃபெக்டாகப் போட்ட மிக்ஸ்டு மாடல்தான் (உடன்பிறப்புகளின் ஒற்றுமையைக் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் முறை) வழி. ஆண், பெண் இரண்டையும் கலந்து ஒரே சராசரி எடுக்காதீர்கள். இந்த ரசாயனங்களில் பலவற்றின் விளைவு ஒரு பாலில் மட்டும் தெரியும்.

அடுத்தது ஈத்தின் அளவு. பிறந்த 3 அல்லது 4ஆம் நாள் எல்லா ஈத்தையும் 8 குட்டிகளாக்குங்கள், முடிந்தால் 4 ஆண் 4 பெண். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், 3 குட்டி மட்டும் பால் குடிக்கும் ஈத்து எந்த ரசாயனமும் இல்லாமலே வளர்ந்தபின் கொழுக்கும். அதையே தனி மாடலாக வைத்து ஆய்வு செய்கிறவர்கள் உண்டு. உங்கள் ரசாயனம் குட்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்தால், நீங்கள் அளப்பது மிகைப்பாலின் விளைவாக இருக்கலாம்.

50 மில்லிகிராமும் கவலை தருகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 'தீங்கு தெரிந்த மிகக் குறைந்த அளவு' என்று பழைய கணக்கில் எடுத்துக்கொண்டது அதே 50 மில்லிகிராமைத்தான். அந்த அளவில் தாய் தீவனத்தைக் குறைத்தால், குட்டியில் தெரிவது கருவில் பட்ட பட்டினியாக இருக்கும். பிறக்கும்போது எடை குறைந்து, பிறகு வேகமாக ஏறும் குட்டிக்குச் சர்க்கரைக் கோளாறு வருவது தனிக் கதை. ஆகவே தாயின் தீவனம், தண்ணீர், எடை மூன்றையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை எழுதி வையுங்கள். தீவனம் குறைவது தெரிந்தால் அதே அளவு மட்டும் தின்னக் கொடுத்த கன்ட்ரோல் குழு ஒன்று தேவைப்படும்.

ஒரே டோஸ் என்பதும் வேண்டாம். அமெரிக்காவின் தேசியச் சுற்றுச்சூழல் சுகாதார அறிவியல் நிறுவனத்தில் (என்ஐஇஎச்எஸ்) ரெதா நியூபோல்ட் குழு டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்துச் செய்த ஆய்வைப் பாருங்கள். சிடி-1 வகைச் சுண்டெலிக் குட்டிகளுக்குப் பிறந்த 1 முதல் 5 நாள் வரை கிலோவுக்கு 1 மைக்ரோகிராம். வளர்ந்தபின் அவை குண்டாயின. ஆயிரம் மடங்கு அதிகம் கொடுத்தவை முதலில் மெலிந்து, பிறகு எட்டிப்பிடித்தன. உயர்ந்த டோஸை மட்டும் கொடுத்துச் சின்ன வயதில் எடை பார்த்திருந்தால் முடிவு நேர்எதிராக வந்திருக்கும்.

கூண்டறை:

பிஸ்பீனால்-ஏவை ஆய்வு செய்ய பாலிகார்பனேட் கூண்டா? அந்த பிளாஸ்டிக்கே பிஸ்பீனால்-ஏவால் ஆனது. கன்ட்ரோல் குழுவும் அதைக் குடித்துக்கொண்டிருக்கும். பாட்ரிசியா ஹன்ட் ஆய்வகத்தில் 1998இல் நடந்தது இதுதான்: தவறான காரச் சோப்பால் கழுவிய கூண்டும் தண்ணீர்ப் புட்டியும் சிதைந்து பிஸ்பீனால்-ஏ கசிந்து, ஒன்றும் கொடுக்காத சுண்டெலிகளின் கருமுட்டைகளில் குரோமோசோம் கோளாறு திடீரென்று ஏறியது. 2003இல் கட்டுரையாக வந்தது. பிஸ்பீனால்-ஏ பற்றிய அமெரிக்க அரசின் கிளாரிட்டி ஆய்வுக்கு முன்னோட்டமாக எலிகளில் நடந்த ஆய்விலும் கன்ட்ரோல் ரத்தத்தில் பிஸ்பீனால்-ஏவின் குளுகுரோனைடு (உடல் அதை வெளியேற்ற மாற்றும் வடிவம்) தென்பட்டது. அவ்வளவு பணமும் கவனமும் இருந்த இடத்திலேயே இந்த நிலை.

கூண்டு பாலிபுரோப்பிலீன், புட்டி கண்ணாடி, உறிஞ்சுகுழாய் துருப்பிடிக்காத எஃகு. பழைய, கீறல் விழுந்த கூண்டுகளை ஒதுக்குங்கள். சோளத்தண்டுப் படுகையில் ஈஸ்ட்ரோஜன் வேலையில் குறுக்கிடும் பொருட்கள் உண்டு; அது வேண்டாம். பைன், தேவதாரு மரச்சுருளில் உள்ள எண்ணெய்கள் கல்லீரல் என்சைம்களைத் தூண்டும், அதுவும் வேண்டாம். ஆஸ்பென் சுருள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் செல்லுலோஸ் படுகை.

தீவனம் அதைவிட முக்கியம். வழக்கமான தீவனத்தில் சோயாப் புண்ணாக்கு இருக்கும். அதிலுள்ள ஜெனிஸ்டீன், டெய்ட்ஸீன் என்ற ஐசோஃபிளேவோன்கள் (ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் தாவரப் பொருட்கள்) மூட்டைக்கு மூட்டை மாறும். ஏஐஎன்-93ஜி போன்ற சுத்திகரித்த தீவனத்துக்குப் போங்கள். அதில் புரதம் கேசீனிலிருந்து வருகிறது. 7 சதவீதம் சோயா எண்ணெய் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், ஐசோஃபிளேவோன்கள் புண்ணாக்கோடு போய்விடும், எண்ணெயில் அநேகமாக இராது. இணைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே தாயைப் புதுத் தீவனத்துக்குப் பழக்குங்கள், ஆய்வு முழுவதற்கும் ஒரே லாட் வாங்குங்கள்.

இவ்வளவு தலைவலி எதற்கு? என் கருத்து: முதல் ஆய்வுக்கு டிரைபியூட்டைல்டின். கூண்டிலிருந்து கசியாது, தீவனத்தில் இயல்பாக இராது, செயல்படும் வழி தெளிவு. கப்பலின் அடிப்பகுதியில் கிளிஞ்சல் ஒட்டாமலிருக்கப் பூசிய வண்ணத்தில் இருந்த பொருள். 2008 முதல் உலகளவில் தடை நடைமுறையில் இருக்கிறது. மனிதருக்கு வருவது பெரும்பாலும் கடலுணவு வழியே. பீபார்-காமா, ஆர்எக்ஸ்ஆர் என்ற இரண்டு ஏற்பிகளையும் தட்டி எழுப்பி, எலும்பாக வேண்டிய தண்டுச்செல்லைக் கொழுப்புச்செல் பக்கம் திருப்புகிறது. கலிஃபோர்னியாவின் இர்வைனில் புரூஸ் புளூம்பெர்க் குழு 2006இல் ஏற்பிகளைப் பற்றி வெளியிட்டபோதுதான் "ஒபிசோஜென்" (உடலைக் கொழுக்கவைக்கும் ரசாயனம்) என்ற பெயரும் வந்தது.

அவர்கள் 2013, 2017 கட்டுரைகளில் குடிநீரில் கொடுத்த அளவு 50 நானோமோலார் அக்கம்பக்கம். கலக்கும் விதம்: டிரைபியூட்டைல்டின் குளோரைடின் மூலக்கூறு எடை 325.5. 32.55 மி.கி. எடுத்து 10 மி.லி. எத்தனாலில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதை எத்தனாலிலேயே நூறு மடங்கு நீர்க்கச் செய்தால் 100 மைக்ரோமோலார். இதில் 0.5 மி.லி., ஒரு லிட்டர் 0.5 சதவீத கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் நீரில். அவ்வளவுதான் 50 நானோமோலார், லிட்டருக்கு 16.3 மைக்ரோகிராம். நேராக 10 மில்லிமோலாரிலிருந்து 5 மைக்ரோலிட்டர் எடுத்துப் போட நினைக்காதீர்கள், பிப்பெட் பிழை அங்கேயே புகுந்துவிடும். கன்ட்ரோல் தண்ணீரிலும் அதே 0.5 மி.லி. எத்தனால்.

30 கிராம் தாய் நாளுக்கு 5 மி.லி. குடித்தால் கிலோவுக்குச் சுமார் 2.7 மைக்ரோகிராம் போகும். பால் கொடுக்கும் தாய் இரண்டு மடங்குக்கு மேலும் குடிக்கும், டோஸும் இரட்டிப்பாகும். கர்ப்பத்தோடு நிறுத்துவது சுத்தம். கரைசல் வெளிச்சத்தில் சிதையும், பாத்திரச் சுவரில் ஒட்டும். அடர்பழுப்புப் புட்டியில் வைத்து வாரம் இருமுறை புதிதாகக் கலந்து மாற்றுங்கள். புட்டியில் மிஞ்சியதில் ஒரு மாதிரியை எடுத்து உண்மையான செறிவை அளந்து காட்டினால் கட்டுரையைச் சரிபார்க்கும் நடுவர் வாய் அடைபடும். கையுறையும் புகைக்கூண்டும் கட்டாயம், கழிவைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. நத்தையினத்தில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு முளைக்கவைத்த பொருள் இது.

நெல்வயல்:

கூண்டறை சொன்னதில் கூண்டு, தீவனம் பற்றி மறுப்பில்லை. ஆனால் இந்தியாவிலிருந்து ஆய்வு செய்கிறவருக்கு டிடிடிதான் பொருத்தமான கேள்வி. விவசாயத்தில் 1989இல் தடை செய்தாலும், ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் விலக்கில் மலேரியாவுக்கும் காலா அசாருக்கும் வீட்டுச் சுவரில் சதுர மீட்டருக்கு ஒரு கிராம் என்று அடித்துவந்த நாடு இது.

மாதிரியும் தயாராக இருக்கிறது. மிஷல் லா மெரில் குழு 2014இல் சி57 பிளாக்/6ஜே தாய்களுக்கு கிலோவுக்கு 1.7 மில்லிகிராம் டிடிடியைக் கர்ப்பத்தின் 11.5ஆம் நாளிலிருந்து பிறந்த 5ஆம் நாள் வரை கொடுத்தது. பெண் குட்டிகளின் உடல் வெப்பம் குறைந்தது, குளிரைத் தாங்கும் திறன் குறைந்தது, ஆற்றல் செலவு குறைந்தது. வளர்ந்தபின் 12 வாரம் கொழுப்புத் தீவனம் கொடுத்தபோது குளுக்கோஸ் தாங்குதிறன் கெட்டு, இன்சுலின் ஏறியது.

இங்கே இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று எண்ணெய். கிலோவுக்கு 5 மி.லி. என்று போட்டால் 30 கிராம் தாய்க்கு 150 மைக்ரோலிட்டர், அதில் ஒன்றேகால் கிலோகலோரி. அது நாள் தேவையில் பத்தில் ஒரு பங்கை நெருங்கும். கிலோவுக்கு 2 மி.லி.யாகக் குறைத்து, மி.லி.க்கு 0.85 மில்லிகிராம் டிடிடி வருமாறு கலக்குங்கள். 60 மைக்ரோலிட்டரில் முடியும். வாய்க்குழாயே மனஅழுத்தம், கர்ப்பிணிக்கு இன்னும் அதிகம். பிப்பெட் முனையிலிருந்து எண்ணெயை நக்கிக் குடிக்க ஒரு வாரத்தில் பழக்கிவிடலாம்.

இரண்டாவது, அறை வெப்பம். டிடிடியின் விளைவு பழுப்புக் கொழுப்பு (எரிந்து உடலுக்கு வெப்பம் தரும் கொழுப்பு) வழியாக வருகிறது. 22 பாகை அறையில் சுண்டெலி எப்போதும் லேசாகக் குளிரில் இருக்கிறது, பழுப்புக் கொழுப்பு ஓயாமல் எரிகிறது. அதற்கு இதமான வெப்பம் 30 பாகை அக்கம்பக்கம். ஏசி இரவில் நின்று அறை 28க்குப் போனால், நீங்கள் தேடும் வித்தியாசம் கரைந்துபோகும். தானாகப் பதியும் வெப்பமானி ஒன்றை எலிகளின் அலமாரியிலேயே வையுங்கள். 4 பாகைக் குளிர்ச் சோதனை செய்தால், உடல் வெப்பம் எந்த அளவுக்கு இறங்கினால் சுண்டெலியை வெளியே எடுப்பீர்கள் என்பதை அனுமதி மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

கூண்டறை:

டிடிடிக்கு ஒரே எதிர்வாதம்: அது கொழுப்பில் தங்கும். பாலில் இறங்கி, குட்டியின் கொழுப்பில் டிடிஇ என்ற சிதைபொருளாக மாதக்கணக்கில் இருக்கும். வளர்ந்தபின் கோளாறு தெரிந்தால் அது கருவில் பதிந்ததா, இப்போதும் உள்ளே இருப்பது செய்கிறதா? வளர்ந்த குட்டியின் கொழுப்பில் மிச்சத்தை அளந்து காட்டாமல் "நிலைத்த விளைவு" என்று எழுத முடியாது. டிரைபியூட்டைல்டின் என்றால் அந்தக் கேள்வி பெரும்பாலும் எழாது, உடல் அதை உடைத்து வெளியேற்றிவிடும்.

நெல்வயல்:

சரிதான், அதற்குத்தான் குட்டிமாற்று. பிறந்த 24 மணி நேரத்துக்குள் டிடிடி குடித்த தாயின் குட்டிகளைக் கன்ட்ரோல் தாயிடமும், அங்கிருப்பவற்றை இங்கேயும் மாற்றினால் கருவும் பாலும் பிரியும். நான்கு குழுவாகும், செலவு இரட்டிக்கும்.

வேதிக்கரு:

நன்றி. டிரைபியூட்டைல்டின் 5, 50, 500 நானோமோலார், கன்ட்ரோல், கூடவே ஒப்பிட்டுப் பார்க்க பீபார்-காமாவைத் தூண்டும் மருந்தான ரோசிக்ளிட்டசோன் என்று மாற்றி எழுதுகிறேன். குளுக்கோஸ் டெஸ்ட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அதோடு எஃப்3 (தாயை எஃப்0 என்று எண்ணினால் மூன்றாம் தலைமுறை) வரை போகச் சொல்கிறார் வழிகாட்டி.

இன்சுலின்_ஊசி:

16 மணி நேரப் பட்டினி சுண்டெலிக்கு ஓர் இரவு உபவாசம் அல்ல. இரவுதான் அது தின்னும் நேரம். உடல் எடையில் கணிசமான பங்கு போய்விடும், கல்லீரல் கிளைக்கோஜன் காலியாகும், இன்சுலினுக்கு உடலின் பதிலும் மாறிவிடும். காலை 8 மணிக்குத் தீவனத்தை எடுத்து, படுகையையும் மாற்றி, பிற்பகல் 2 மணிக்குத் தொடங்குங்கள். ஆறு மணி நேரம் போதும்.

20 சதவீத குளுக்கோஸ், கிராமுக்கு 10 மைக்ரோலிட்டர் என்றால் கிலோவுக்கு 2 கிராம். ஆனால் குண்டான சுண்டெலிக்கு உடல் எடைப்படி கொடுத்தால் அதிக குளுக்கோஸ் போகும். கொழுப்பு அதில் அதிகம் எடுத்துக்கொள்ளாது, ஆகவே தசைக்கு மிகை. "தாங்குதிறன் கெட்டது" என்று தெரிவதில் பாதி இதுவாக இருக்கலாம். உடல் கூறு அளக்கும் எம்ஆர்ஐ இருந்தால் கொழுப்பு நீக்கிய எடைக்குக் கணக்கிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே நிலையான அளவு. வால் நுனியில் 0, 15, 30, 60, 90, 120 நிமிடம். 0 மற்றும் 15இல் இன்சுலினுக்கும் 20 மைக்ரோலிட்டர் ரத்தம் பிடியுங்கள். இன்சுலின் இல்லாத குளுக்கோஸ் வளைவு பாதிச் செய்திதான். முந்தைய வாரம் முழுக்கத் தினமும் கையில் எடுத்துப் பழக்காவிட்டால், பயத்திலேயே 0 நிமிட அளவு ஏறிக்கிடக்கும்.

6ஜே வகையில் என்என்டி மரபணு பழுது. இன்சுலின் சுரப்பு ஏற்கெனவே மந்தம். 6என் வகையோடு கலந்து வாங்கிவிடாதீர்கள். விற்பனையாளர் "பிளாக் 6" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் எந்த வகை என்று எழுத்தில் கேளுங்கள்.

12 வாரத்தில் சாதாரணத் தீவனத்தில் ஒன்றும் தெரியாமல் போனால் ஆய்வு தோற்றது என்று நினைக்க வேண்டாம். சிறு வயதில் பதிந்தது பல நேரம் சுமை ஏற்றினால்தான் வெளியே வரும். புளூம்பெர்க் குழுவின் 2017 கட்டுரையில் எஃப்4 ஆண்கள் வித்தியாசத்தைக் காட்டியது தீவனக் கொழுப்பு 13.2இலிருந்து 21.2 சதவீதக் கலோரியாக மாற்றப்பட்ட பிறகுதான். பட்டினி போட்டபோதும் அவை கொழுப்பை விடவில்லை. ஆகவே 45 அல்லது 60 சதவீதத்துக்குத் தாவாமல் முதலில் மிதமாக ஏற்றுங்கள். 60 சதவீதத்தில் கன்ட்ரோலும் குண்டாகி வித்தியாசம் மூடிக்கொள்ளும். கன்ட்ரோல் தீவனம் அதே சர்க்கரை அளவுள்ள சுத்திகரித்ததாக இருக்க வேண்டும், வழக்கமான தீவனம் கூடாது. கொழுப்புத் தீவனம் குளிரில் இருக்கட்டும், வாரம் இருமுறை மாற்றுங்கள். நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் காறிவிடும், காறினால் தின்னாது.

வாராவாரம் எடையோடு மூக்கு முதல் ஆசனவாய் வரை நீளமும் எடுங்கள். பெரிதாக வளர்ந்ததும் கொழுத்ததும் ஒன்றல்ல. ஆக்ஸிஜன் செலவை உடல் எடையால் வகுத்துப் படம் போடாதீர்கள். குண்டானது எல்லாம் சோம்பேறியாகத் தெரியும். எடையைக் கோவேரியேட்டாக வைத்த அன்கோவா (எடை வித்தியாசத்தைச் சரிசெய்து ஒப்பிடும் புள்ளியியல் முறை) போடுங்கள்.

தொப்புள்கொடி:

மனித ஆதாரத்துக்கு என் வரிசை. மிக உறுதியானது புகைதான்: கர்ப்பத்தில் புகைத்த தாய்மாரின் குழந்தைகள் எடை குறைந்து பிறந்து, பிறகு உடல்பருமனுக்கு ஆளாகும் வாய்ப்பு சுமார் 1.5 மடங்கு என்று தொகுப்பாய்வு சொல்கிறது. புகை ஒரே ரசாயனம் அல்ல என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்து டிடிடி. கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில் 1959 முதல் 1967 வரை கர்ப்பிணிகளிடம் எடுத்து உறையவைத்த ரத்தம். அமெரிக்கா டிடிடியை 1972இல் தடை செய்வதற்கு முந்தைய காலம். 2021இல் பேத்திகள் வரை வந்துவிட்டார்கள்: பாட்டியின் ரத்தத்தில் ஆர்த்தோ-பாரா டிடிடி (டிடிடியின் ஒரு வடிவம்) அதிகமிருந்தால் பேத்திக்கு உடல்பருமனும் சீக்கிரப் பூப்பும் அதிகம். பேத்தியாகப் போகும் முட்டை, தாய் கருவில் இருக்கும்போதே உருவாகிவிட்டது என்பதால் இது நேரடிப் பாதிப்பு; "மரபுவழிக் கடத்தல்" என்று எழுதிவிடாதீர்கள்.

சின்சினாட்டியின் ஹோம் என்ற தாய்-சேய் ஆய்வில், ரத்தத்தில் பிஎஃப்ஓஏ (ஒட்டாத பூச்சுத் தயாரிப்பில் பயன்பட்ட ரசாயனம்) அதிகமிருந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு 8 வயதில் கொழுப்பு கூடுதல், ஆனால் அளவு ஏற ஏற நேர்கோட்டில் ஏறவில்லை. இவ்வகை ஆய்வுகளில் சிறுநீரக வடிகட்டல் குழப்பும். கர்ப்பத்தில் ரத்த அளவும் வடிகட்டலும் நன்றாக உயர்ந்த பெண்ணுக்கு பிஎஃப்ஓஏ இறங்கும், குழந்தை எடையும் ஏறும். ரசாயனம் ஒன்றும் செய்யாமலே தொடர்பு தெரியும். எந்த மாதத்தில் ரத்தம் எடுத்தார்கள் என்று பார்க்காமல் மேற்கோள் காட்டாதீர்கள்.

பிஸ்பீனால்-ஏ மனித ஆய்வுகளில் நான் கடைசியில் வைப்பது. சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும் பொருளை ஒரே ஒரு சிறுநீர் மாதிரியில் அளந்து ஒன்பது மாதத்துக்குச் சொல்வது நியாயமில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் தாங்கத்தக்க அளவை கிலோவுக்கு 0.2 நானோகிராமாக, இருபதாயிரம் மடங்கு குறைத்தது. அதற்கு அடிப்படை நோயெதிர்ப்பு விளைவு. வளர்சிதைமாற்றத்துக்குச் சான்றாக அந்த எண்ணைக் காட்டினால் நடுவர் பிடித்துக்கொள்வார்.

ஈத்துக்கணக்கு:

எஃப்3 பற்றி. கர்ப்பிணிக்குக் கொடுத்தால் எஃப்1 கருவும், அதற்குள் இருக்கும் எஃப்2 ஆகப்போகும் இனச்செல்லும் நேரடியாகப் படுகின்றன. ரசாயனம் தொடாத முதல் தலைமுறை எஃப்3. ஒவ்வொரு தலைமுறைக்கும் கர்ப்பம் 3 வாரம், இனப்பெருக்க வயது 8 வாரம், இணைவதற்கு ஒரு வாரம். எஃப்3ஐ 20 வாரம் வரை வளர்த்து அளந்தால் தடங்கலே இல்லாமல் ஓடினாலும் ஒரு வருடம் ஆகும். உடன்பிறப்புகளை இணைக்காதீர்கள், வெவ்வேறு ஈத்திலிருந்து எடுங்கள். எந்தக் குட்டி எந்த எஃப்0 தாயின் வழி என்பதை முதல் நாளிலிருந்தே பதிவேட்டில் வையுங்கள், ஏனென்றால் எஃப்3இலும் எண்ணிக்கை அந்த எஃப்0 தாய்தான்.

விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் அரசுக் குழுவான சிசிஎஸ்இஏவின் 'பாரம் பி' அனுமதி மனுவில் விலங்கு எண்ணிக்கை கேட்கும் இடத்தில், ஈத்தை 8 ஆக்கும்போது நீக்கும் குட்டிகளையும், இணைக்க மட்டும் வாங்கும் ஆண்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பலர் விட்டுவிட்டு நடுவழியில் திருத்த மனு போட்டு நிற்கிறார்கள், அதற்குள் எஃப்1 இணையும் வயதைத் தாண்டிவிடும்.